வாசகர் கேள்வி: போர்பன் எரிகிறதே?

கேள்வி: போர்பன் என்ற அமெரிக்க மக்காச்சோள விஸ்கியில் கோதுமை சேர்த்தது மென்மையானது என்றார்கள். அந்த வகையான லார்சனி பேரல் ப்ரூஃப் குடித்தால் நாக்கு எரிகிறதே, ஏன்?

பதில்: எரியத்தான் செய்யும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹெவன் ஹில் நிறுவனம் தயாரிக்கும் அந்த விஸ்கியில் மக்காச்சோளம் 68, கோதுமை 20, முளைகட்டிய பார்லி 12 சதவீதம். வழக்கமான ரை தானியம் இல்லாததால் அதன் காரம் இல்லை, ஆனால் தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயிலிருந்து வந்த வீரியத்திலேயே புட்டியில் அடைப்பதால் ஆல்கஹால் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள், மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்கவே வேண்டாம். முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது நாக்கைப் பழக்கத்தான். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், கருக்கிய புது ஓக் பீப்பாய் தந்த கேரமலும் வெனிலாவும் தெரியவரும். விழுங்கிய பிறகும் இனிப்பு நின்றால் நல்ல சரக்கு. மரக்கசப்பு மட்டுமே மிஞ்சினால், என்ன விலையானாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.