ஜீன் சரியாக இருந்தும் பாக்டீரியா என்சைம் தரவில்லை, மறுபடி குளோனிங் செய்யலாமா?

செய்யாதீர்கள். ஜீனை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தாயிற்று, அதன் எழுத்து வரிசையும் (சீக்வென்ஸ்) சரி, ஆனால் என்சைம் வேலை செய்யவில்லை, ஆக்டிவிட்டி இல்லை என்கிறீர்கள். எம்.எஸ்ஸி. புராஜெக்டாகத்தான் இருக்கும், கையில் அதிக நாளும் இருக்காது. இருக்கிற நாளை, பாக்டீரியாவை எப்படி வளர்த்தீர்கள் என்று பார்ப்பதில் செலவிடுங்கள்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். ஆராய்ச்சி மாணவி ஒருவர், ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் என்சைமின் ஜீனை வைத்துக்கொண்டு இப்படித்தான் தவித்தார். "அண்ணா, ஜீன்லதான் ஏதோ கோளாறு" என்று அழாத குறை. அவருடைய கைடும் அதையே சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செல்லை உடைத்துச் சுழற்றிய பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும்தான், புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியிருந்தார்கள். அடியில் தங்கிய பெல்லட்டையும் ஓட்டச் சொன்னேன். சரியான அளவில் தடித்த பேண்ட், அதில்தான் இருந்தது.

அதாவது புரதம் உருவாகியிருக்கிறது, ஒழுங்காக மடியவில்லை. இந்த முறையில் ஜீனைப் படித்து ஆர்.என்.ஏ. ஆக்கும் டி7 பாலிமரேஸ், ஈ. கோலையின் சொந்தப் பாலிமரேஸைவிடப் பல மடங்கு வேகமானது. 37 டிகிரியில், ஜீனை முடுக்கிவிடும் ஐபிடிஜி என்கிற ரசாயனத்தை 1 மில்லிமோலார் கொடுத்தால் புரதம் மளமளவென்று குவியும். மடிய நேரமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி, இன்க்ளூஷன் பாடி என்கிற கட்டியாகிவிடும். கட்டியில் ஆக்டிவிட்டியை எதிர்பார்க்க முடியாது.

சூட்டைக் குறைத்து, ஐபிடிஜியை 0.1 மில்லிமோலார் ஆக்கி, ராத்திரி முழுக்க மெதுவாக விட வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? எங்கள் வாட்டர் பாத் ஷேக்கரில் குளிரூட்டி கிடையாது. அறையின் சூட்டுக்குக் கீழே அது இறங்கவே இறங்காது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கி வந்து உடைத்தேன். பாலித்தீன் பையில் கட்டித் தொட்டியில் இறக்கி, உருக உருகப் பையை மாற்றி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஸ்டார்ச்சோடு கலந்து வைத்து அயோடின் விட்டோம். ஸ்டார்ச் உடையாமல் மிச்சமிருந்தால் நீலமாகும். ஜீன் வைக்காத வெறும் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) கன்ட்ரோல் கருநீலம். 37 டிகிரியில் வளர்த்ததும் கிட்டத்தட்ட அப்படியே. ஐஸில் வளர்த்தது நீலமே பிடிக்காமல் மஞ்சளாக நின்றது. ஜீன், பிளாஸ்மிட், ஸ்ட்ரெயின் (பாக்டீரியாவின் ரகம்) எதையும் மாற்றவில்லை.

பி.எச்டி. இல்லாதவன் என்ன சொல்வது என்று கேட்க ஆள் வரும், தெரியும். எல்லா என்சைமுக்கும் இதுதான் மருந்து என்று நான் சொல்லவில்லை. 37 டிகிரியிலேயே நன்றாக மடியும் புரதங்கள் உண்டு. டைசல்ஃபைடு பிணைப்பு (கந்தக அணுக்களுக்கு இடையிலான கட்டு) தேவைப்படும் புரதத்துக்கு ஸ்ட்ரெயினையே மாற்ற வேண்டி வரலாம். இன்னொன்று, அந்தத் தீசிஸின் நன்றியுரையில் பிழை திருத்தியவர் பெயர்கூட இருந்தது, டெக்னீஷியன்கள் ஒருவர் பெயரும் இல்லை. ராத்திரி கண் விழிக்கிறவர்கள் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று காத்திருக்கும் ஆட்கள்தான். மாணவர்களே, ஒரு வரி எழுதுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காற்றையும் கவனியுங்கள். 250 மில்லி ஃபிளாஸ்க்கில் 50 மில்லிக்கு மேல் மீடியம் ஊற்றாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் குளுக்கோஸ் அதிகமானாலும் அசிட்டேட் என்கிற கழிவு சேர்ந்து வளர்ச்சி படுத்துவிடும். குளுக்கோஸ் மிஞ்சியிருந்தால், ஐபிடிஜி முடுக்கும் சுவிட்சான லாக் புரோமோட்டரும் சரியாகத் திறக்காது. பிளாஸ்மிட் உள்ள செல்லை மட்டும் விட்டுவைக்க நீங்கள் போடும் மருந்து ஆம்பிசிலின் என்றால், ராத்திரி வளர்த்த பழைய கல்ச்சரை அப்படியே ஊற்றாமல், செல்லை மட்டும் இறக்கிப் புது மீடியத்தில் போடுங்கள். பழைய மீடியத்தில் சேர்ந்த பீட்டா லாக்டமேஸ் என்சைம் மருந்தைத் தின்றுவிடும், பிளாஸ்மிட்டை இழந்த செல்களும் கூடவே பெருகும்.

முதலில் பெல்லட்டை ஓட்டிப் பாருங்கள். அதிலும் பேண்ட் இல்லையென்றால் பிளாஸ்மிட் பக்கம் போகலாம். எந்த வெக்டர் (பிளாஸ்மிட்), எந்த ஸ்ட்ரெயின் என்று கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.