சட்டென்று பிறந்த பிள்ளையும் பச்சை உடம்புக்காரியும்

தாய்-சேய் நலம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, திண்டுக்கல் மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிரசவம். விடியற்காலை மூன்றரை மணிக்கு இடுப்பு வலி எடுத்தது. சூட்டு வலியாக இருக்கும் என்று மாமியார் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. 108 வண்டியில் ஏற்றினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியிலேயே, ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்த, அங்கே என் மகள் பிறந்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். எடை 2 கிலோ 900 கிராம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "வலியே படாமல் பெற்றுவிட்டாய், கொடுத்துவைத்தவள்" என்கிறார்கள். ஆனால் பிள்ளையை என் மார்பில் வைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. இன்று ஒன்பதாம் நாள். நேற்று முதல் அடுப்படி வேலையும் பார்க்கிறேன். மதியமானால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. மூத்தவனுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் வலித்தது. அப்போதுகூட இப்படி இல்லை. என்னிடம் ஏதாவது குறையா?
— ஒரு வாசகி, செம்பட்டி அருகே

பதில்: மகளே, உன்னிடம் ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "வலியே படவில்லை" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போகிறார்களே, அவர்கள்மேல் வந்த கோபம். ஒரு பகலும் இரவும் எடுத்துச் செய்ய வேண்டிய வேலையை உன் கருப்பை ஒன்றரை மணி நேரத்தில் செய்து முடித்திருக்கிறது. ஒரு வலி இறங்குமுன் அடுத்த வலி ஏறியிருக்கும். நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளக்கூட இடைவெளி கிடைத்திருக்காது. மூத்தவனுக்கு வலித்தபோது இடையிடையே ஒரு வாய் கஞ்சி குடித்திருப்பாய், உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாய், பிள்ளை வரப்போகிறது என்று மனது மெல்ல மெல்லத் தயாராகியிருக்கும். இந்த முறை மனதுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டால் மருத்துவர்கள் அதை அதிவேகப் பிரசவம் என்று தனியாகவே பார்க்கிறார்கள். தலைச்சன் பிரசவத்தைவிட அடுத்த பிரசவங்களில்தான் இது அதிகம் நடக்கும். தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையின் தலை இறங்க இறங்கப் பிறப்புவழித் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ வேண்டும்; அதற்கு நேரமில்லாமல் போனால் கிழிசல் ஏற்படலாம். இடைவிடாமல் இறுகி இறுகிக் களைத்துப்போன கருப்பை, பிள்ளை வெளியே வந்தபின் சரியாகச் சுருங்காமல் தொய்ந்துவிடலாம். தொய்ந்தால் இரத்தப்போக்கு நிற்காது. ஊர் 'சுலபப் பிரசவம்' என்று சொல்லும் பிரசவத்துக்குத்தான் நாங்கள் கூடுதல் காவல் இருப்போம். கட்டிலருகே நின்று அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். தொப்புளுக்குக் கீழே கருப்பை தேங்காய் போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் நிம்மதி. கைக்கு அகப்படாமல் கொழகொழவென்று நழுவினால் அந்த நொடியே பிசைந்துவிடுவோம், மருத்துவரைக் கூப்பிடுவோம்.

நடுக்கத்துக்கு நீ பயப்பட வேண்டாம். பிள்ளை பெற்றவுடன் பல பெண்களுக்கும் அப்படி நடுங்கும். நன்றாகப் போர்த்திவிட்டால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பாசம் முதல் பார்வையிலேயே பொங்கி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிலருக்கு அந்த நிமிடமே வரும். சிலருக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, நான்கு இரவு விழித்தபின் வரும். இரண்டும் தாய்ப்பாசம்தான்.

இனி நீ செய்ய வேண்டியது. அடுப்படியை விட்டு வெளியே வா. பிரசவம் எத்தனை நிமிடத்தில் முடிந்தாலும் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும். 42 நாள் பேறுகாலம் என்று நாங்கள் கணக்கு வைப்பது அதனால்தான். பகலில் ஒரு வேளையாவது பிள்ளையின் சட்டையைக் கழற்றி, உன் வெறும் மார்பில் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்து ஒரு சேலையால் போர்த்திக்கொண்டு சாய்ந்து உட்கார். அவசரமாக வந்தவளை நீ அவசரமில்லாமல் பார்ப்பதற்கான நேரம் அது. ஒன்பது நாள் கழித்துச் செய்தாலும் பலன் உண்டு. பாலும் நன்றாகச் சுரக்கும். அன்று விடியற்காலையில் நடந்ததை, முதல் வலியிலிருந்து கடைசிவரை, உன் கணவரிடமோ அக்காவிடமோ ஒரு முறை முழுவதுமாகச் சொல். பாதியில் குறுக்கிட்டு "அதான் நல்லபடியாக முடிந்துவிட்டதே" என்று சொல்லாமல் கேட்கிற ஆளாகப் பார்த்துச் சொல்.

பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் தொடங்கும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகக் குறையும். அதைத் தாண்டியும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தொடவே மனம் வராவிட்டால் மருத்துவரைப் பார். உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் அன்றே போக வேண்டும். வீட்டில் உன்னைத் தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனையும் அளவு இரத்தம் போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்துடன் தீட்டுப் பட்டாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதே.

உன் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. அம்மா, சீரகத் தண்ணீர் கொடுத்ததில் தவறில்லை. சூட்டு வலியா பிள்ளை வலியா என்று பார்க்க நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் இவள் பச்சை உடம்புக்காரி. சீக்கிரம் பெற்றதால் உடம்பு சீக்கிரம் தேறிவிடாது. கரண்டியை இன்னும் ஒரு மாதம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு முதல் பிரசவம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இப்போது எட்டாம் மாதம். எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனை 22 கிலோமீட்டர். இந்த முறை இன்னும் சீக்கிரம் பிறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் பெரியப்பா.
— ஒரு வாசகர், மணப்பாறை அருகே

பதில்: தம்பி, பெரியப்பா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். பிள்ளை வீட்டில் பிறந்துவிடும். பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் வீட்டில் என்ன இருக்கிறது? மருத்துவமனையில் பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கருப்பையைச் சுருங்கவைக்கிறோம். அந்த ஊசியும், தேவைப்பட்டால் ஏற்ற இரத்தமும் உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

ஒரு முறை வேகமாகப் பெற்றவளுக்கு மறுமுறையும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த பரிசோதனையிலேயே முதல் பிரசவத்தின் கணக்கை மருத்துவரிடம் சொல்லி, தேதி நெருங்கும்போது முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீடு இருந்தால் கடைசி இரண்டு வாரம் அங்கே இருப்பது இன்னும் நல்லது. மலைக்கிராமத்துப் பெண்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் இருப்பது இதே காரணத்துக்காகத்தான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்தபின் கிளம்பினால் போதும் என்பது மற்றவர்களுக்கான கணக்கு. உங்கள் மனைவிக்கு வலி முறையாக வரத் தொடங்கியதுமே, அல்லது பனிக்குடம் உடைந்ததுமே 108-ஐ அழையுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் அந்த வண்டியில் பிரசவத்துக்கான பொருட்களும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்கள். வாடகைக் காரில் இரண்டும் கிடையாது. தாய்-சேய் நல அட்டை, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணிகள், பிள்ளைக்குத் தொப்பி, இவை ஒரு பையில் இப்போதே தயாராக இருக்கட்டும்.

ஒன்றை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி எடுத்தவள் திடீரென்று "வெளிக்குப் போக வேண்டும்போல் இருக்கிறது" என்றால் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். பிள்ளையின் தலை கீழே இறங்கி அழுத்தும்போது அப்படித்தான் தோன்றும். கழிப்பறையில் பிள்ளை விழுந்த சம்பவங்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். எழுதவே கை வரவில்லை.

வண்டி வருமுன் தலை தெரிந்துவிட்டால் 108-இல் பேசுகிறவரின் இணைப்பைத் துண்டிக்காமல், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மனைவியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். காலை இறுக்கிச் சேர்த்துப் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. பிடித்து இழுக்கவும் கூடாது. தலை வரும்போது முக்காமல் வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லுங்கள். பிள்ளை வந்ததும் ஒரு துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை எறிந்துவிட்டு, தாயின் வெறும் மார்பில் போட்டுக் காய்ந்த துணியால் இருவரையும் போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். ஈரத்தோடு விட்டால் பிள்ளையின் உடம்பு மளமளவென்று குளிர்ந்துவிடும். அழாவிட்டால் முதுகை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தூக்கி அடிக்காதீர்கள்.

தொப்புள் கொடியை நீங்கள் அறுக்கவே வேண்டாம். அப்படியே விட்டால் பிள்ளைக்கு நல்லது. நஞ்சுக்கொடியிலிருந்து இன்னும் கொஞ்சம் இரத்தம் அதன் உடம்புக்குப் போய்ச் சேரும். மருத்துவமனையிலேயே ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்துத்தான் அறுக்கிறார்கள். வீட்டு பிளேடால் அறுத்து, புண்ணில் சாம்பலும் சாணியும் வைத்து, இரணஜன்னி என்ற டெட்டனஸ் நோயில் பச்சிளம் பிள்ளைகள் வில்லாய் விறைத்துச் செத்த காலம் ஒன்று இருந்தது. தாய்மார்களுக்குத் தடுப்பூசி போட்டு, மருத்துவமனைப் பிரசவங்களைப் பெருக்கி, 2015-இல்தான் அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. வீடு வீடாக ஏறி இறங்கிய செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. நஞ்சு தானாக வந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளையோடு சேர்த்தே கொண்டுபோங்கள். எல்லாம் நன்றாக முடிந்தது, இனி எதற்கு மருத்துவமனை என்று திரும்பிவிடாதீர்கள். கிழிசல் இருக்கிறதா, நஞ்சு முழுதாக வந்ததா என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசியும் முதல் தடுப்பூசிகளும் போட வேண்டும். இரண்டு நாளாவது அங்கே இருங்கள்.

கேள்வி: என் பேத்தி அரை மணி நேர வலியில் பிறந்தாள். முகம் மட்டும் கருநீலமாக இருக்கிறது. கையும் காலும் சிவப்பாக இருக்கின்றன. சந்திர கிரகணத்தன்று மகள் வெளியே வந்ததாலா?
— ஒரு பாட்டி, போடிநாயக்கனூர்

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை அம்மா, மகளை யாரும் குறை சொல்ல வேண்டாம். குறுகிய வழியில் வேகமாக வரும்போது முகத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும்; மாலை சுற்றி, அதாவது தொப்புள் கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்தாலும் அப்படி ஆகும். சில நாட்களில் தானாக மறைந்துவிடும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். நாக்கும் வாயின் உட்புறமும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அங்கேயும் நீலம் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரத்தக்கட்டு கரையும்போது சில பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கூடலாம். கண்ணும் தோலும் மஞ்சளாகிறதா என்று பகல் வெளிச்சத்தில் தினமும் பாருங்கள்.

கேள்வி: பிறந்த பிள்ளைக்குத் தாய்மாமன் சேனை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஒரு சொட்டுத் தேன்தானே, தொட்டு வைக்கலாமா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கூடாது. ஒரு வயதுவரை தேனே வேண்டாம். அதிலுள்ள கிருமி பச்சிளம் பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோயை உண்டாக்கக்கூடும். சீனித் தண்ணீரும் வேண்டாம், கழுதைப் பாலும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அதன்பின் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும். தாய்மாமன் ஆசையை மறுக்க மனமில்லை என்றால், பிள்ளையை முதலில் தாயின் மார்பில் எடுத்து வைக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். அண்ணன் பக்கத்தில் நிற்பது தங்கைக்கும் தெம்பு.

கேள்வி: 108 வண்டியில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடம் என்று எதைப் பதிவார்கள்?
— ஒரு வாசகர், நத்தம்

பதில்: ஓடும் வண்டியில் பிறந்தால் அந்த வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் வண்டி போய்ச் சேரும் மருத்துவமனையிலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கர்ப்ப காலத்தில் செவிலியர் பதிந்து கொடுத்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருங்கள், அதைக் கேட்பார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் தாய் பெயரின் எழுத்தையும் பிறந்த நேரத்தையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். பின்னால் திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.