டீச்சர், பாதி மேட்டிலேயே மூச்சு வாங்குகிறதே!

சின்னக் குன்றுகளில் நடந்தும் சைக்கிளிலும் ஏறுவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். இப்போது வயது 63, இடது முட்டி அடிக்கடி முரண்டு பிடிக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு என் பதில்களைப் படியுங்கள். பனிச்சிகரம் ஏறுவது பற்றிக் கேட்டிருந்த இரண்டு பேருக்கு: நீங்கள் தட்டியது வேறு யாரோ வீட்டுக் கதவு.

100, 150 மீட்டர் உயரக் குன்றில் ஏறி என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது? ஏறினால் பெரிய மலையில்தான் ஏற வேண்டும் என்கிறார் என் அண்ணன்.

அண்ணனிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். சமவெளியில் நிற்கிற ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். பூமி உருண்டை என்பதால், அங்கிருந்து தொடுவானம் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர்தான். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். 100 மீட்டர் குன்று என்றால் சுமார் 36 கிலோமீட்டர். தூரம் எட்டு மடங்கு, பார்வைக்குள் வருகிற பரப்போ அறுபது மடங்குக்கும் மேல்! இன்னொரு 100 மீட்டர் ஏறுங்கள். 50 கிலோமீட்டர்தான் ஆகும். 36ஐ இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் 400 மீட்டர் ஏற வேண்டும். முதல் 100 மீட்டர் அள்ளிக் கொடுக்கும், அதற்கு மேலே எல்லாம் கிள்ளிக் கொடுப்பதுதான். சுற்றிலும் தட்டையான நிலமாகவும் காற்று தெளிவாகவும் இருந்தால்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. ரொம்ப உயரத்திலிருந்து பார்த்தால் நிலம் வரைபடம் மாதிரி ஆகிவிடுகிறது. வகுப்பில் வரைபடம் காட்டிக் காட்டியே அலுத்தவள் நான். குன்றின் மேலிருந்து பார்த்தால் வளைவில் திரும்புகிற வண்டி தெரியும். கொடியில் காய்கிற துணி தெரியும். அந்த உயரம் எனக்குப் போதும்.

நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் இரைக்கிறது. பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். வயது 48. டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் முதலிலேயே போனீர்களே, நல்லது. கோளாறு உங்கள் இதயத்தில் இல்லை, முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் கால் புதுசு, உற்சாகமும் புதுசு. தெருவில் நடக்கிற வேகத்திலேயே மேட்டிலும் நடக்கிறீர்கள். தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜனை உடம்பு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் கடன் ஏறிவிடுகிறது, வட்டியைப் பாதி மேட்டில் கட்டுகிறீர்கள். தொடக்கத்தில், "இதென்ன இப்படி ஊர்கிறோம்" என்று நமக்கே வெட்கமாக இருக்கிற வேகத்தில் போங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் பேச முடிந்தால் வேகம் சரி. நான் தனியாகப் போகும்போது பழைய மாணவர்களின் வருகைப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். எதிரில் வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்ததுண்டு.

நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 100 மீட்டருக்குப் பத்து நிமிடம். 2 கிலோமீட்டர் பாதை, 150 மீட்டர் ஏற்றம் என்றால் 24ம் 15ம் சேர்த்து 39 நிமிடம். மனிதர் நல்ல காலுள்ளவர் போலிருக்கிறது. நான் இதே பாதைக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

2 கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏற்றம், சராசரி 5 சதவீதம்தான் என்று நம்பி சைக்கிளில் போனேன். கடைசியில் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. எங்கே தப்பு?

சராசரியை நம்பியதுதான் தப்பு. முதல் கிலோமீட்டர் 2 சதவீதம், அடுத்த 600 மீட்டர் 4 சதவீதம், கடைசி 400 மீட்டர் 14 சதவீதம் என்று இருந்திருக்கலாம். கூட்டிப் பாருங்கள், சரியாக 100 மீட்டர்தான் வரும். அந்தக் கடைசித் துண்டு உங்களை மடக்கியிருக்கிறது. அடுத்த முறை வரைபடத்தில் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடுகளைப் பாருங்கள். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் மூச்சு முட்டும்.

கியர் விஷயம்: மேடு தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும், சில சமயம் கழன்றும் விழும். செயின் ஓடுகிற முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்திலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றுதான், சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அது போதும். சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள், எழுந்து நின்று மிதிப்பதைச் சின்னத் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரளைப் பாதையில் எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும். ரொம்ப பின்னால் சாய்ந்தாலோ முன்சக்கரம் தூக்கும். இரண்டுக்கும் நடுவே உடம்பை வைத்துக்கொள்ளும் பக்குவத்தை எழுதிப் புரியவைக்க முடியாது.

அப்படியானால் இறங்கித் தள்ளுவது அவமானம் இல்லையா?

இல்லை. செங்குத்தான மேட்டில் மிதிக்கிறவர் வேகமும் தள்ளுகிறவர் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தள்ளுகிறவர் சுற்றிலும் பார்க்கலாம்.

ஒரு கிலோ எடை குறைவான சைக்கிள் வாங்கினால் ஏறுவது சுலபமாகுமா?

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட ஏற்றத்தில் அந்த ஒரு கிலோவால் மிச்சமாவது ஏழு விநாடி. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டுங்கள், பலன் உடனே தெரியும்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கிய பிறகு இரண்டு நாள் தொடை பிடித்துக்கொள்கிறது. இறங்குவதுதானே சுலபம்?

மூச்சுக்குச் சுலபம், தொடைக்கு இல்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது, அதாவது பிரேக் வேலை பார்க்கிறது. பழக்கமில்லாத தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்கு வரும். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி அதே குன்றில் இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். முட்டியை விறைப்பாக வைக்காமல், சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். கைத்தடி இருந்தால் நல்லது. என் இடது முட்டி இரண்டு தடியோடுதான் கீழே வர ஒப்புக்கொள்கிறது.

அப்புறம் ஷூ. முதல் வருடம் நாடாவைத் தளர்வாக விட்டபடி இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் வழுக்கி, பெருவிரல் ஷூ நுனியில் இடித்துக்கொண்டே வந்தது. மறுநாள் நகம் கறுத்து, பிறகு கழன்றே போனது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாக வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உச்சியில் குனிந்து நாடாவை இறுக்கிக் கட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

உச்சிக்குப் போய்விட்டேன். ஆனால் கீழே எதுவுமே தெரியவில்லை, சுற்றிலும் புல்தான். ஏமாந்துவிட்டேன்!

உங்கள் குன்று குவிந்த சரிவு கொண்டது. அடியில் செங்குத்தாக ஏறி, மேலே போகப் போகக் கவிழ்த்த கிண்ணம் போலத் தட்டையாகிவிடும். உச்சியில் நின்றால் குன்றின் வயிறே பார்வையை மறைக்கும். ஏறும்போதும், "இதோ உச்சி" என்று மூன்று முறை ஏமாற்றியிருக்குமே? அதுவும் இதே காரணத்தால்தான். சமஉயரக் கோடுகள் கீழே நெருக்கமாகவும் மேலே இடைவெளி விட்டும் இருந்தால், அது இந்த வகை. குழிந்த சரிவில் நேர்மாறாக இருக்கும், உச்சியிலிருந்தே அடிவாரம் வரை தெரியும்.

பாதையை ஒட்டியே கொஞ்சம் இறங்கி, சரிவு மடங்குகிற விளிம்புக்கு வாருங்கள். உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே வந்து உட்காருகிற வழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. மழை ஓய்ந்த மறுநாள் போனால் காற்றிலிருக்கும் தூசி கழுவப்பட்டிருக்கும். நடுப்பகலில் நிலம் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெயிலில்தான் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போட்டு எழுந்து நிற்கும்.

மேலே இருக்கும்போது இடி கேட்டால்?

உடனே இறங்குங்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தனி மரத்தடி கூடவே கூடாது. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்.

ஒரே குன்றில் திரும்பத் திரும்ப ஏறுவதாக எழுதியிருந்தீர்கள். அலுக்கவில்லையா, டீச்சர்?

நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்திருக்கிறேன், இதுவரை 212 தடவை. வடகிழக்கே தூரத்தில் வெள்ளிக்கோடு போல ஒன்று மின்னும். அதை ஓடை என்று பல வருடமாக எல்லோரிடமும் காட்டி வந்தேன், ஒரு பாடமே நடத்தியிருக்கிறேன். போன வாரம் மழைக்கு மறுநாள் ஏறினேன். ஓடையும் இல்லை, ஒன்றும் இல்லை. அது ஒரு நீளமான தகரக் கூரை.

யார் யாரிடம் ஓடை என்று சொன்னேன் என்று இப்போது ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.