கழுத்தில் நெறி, கையில் நாலு ரிப்போர்ட்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. விடுதியில் தங்கிப் படிக்கிறாள், கல்லூரிக் கபடி அணியில் இருக்கிறாள். 16 நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த அமாக்சிசிலின் சாப்பிட்டு உடம்பெல்லாம் சிவந்துவிட்டது. 5-ம் நாள் ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்றார்கள், மோனோஸ்பாட் என்ற இன்னொரு டெஸ்ட் நெகட்டிவ். 11-ம் நாள் வேறொரு மருத்துவர் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இது இன்ஃபெக்சியஸ் மோனோநியூக்ளியோசிஸ் என்கிறார். இணையத்தில் தேடினால் ‘முத்த நோய்’ என்று வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் 70 வயது மாமியார், 10 வயது மகன் இருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வந்த பையன், குடும்பம் முழுவதற்கும் பார்த்துவிடுங்கள், பேக்கேஜ் இருக்கிறது என்கிறான். அடுத்த வாரம் அவளுக்குப் போட்டி. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் எதையும் கேட்டு வைக்காதீர்கள். இது எச்சிலில் பரவும் நோய். முத்தத்திலும் பரவும் என்பதால் யாரோ வைத்த செல்லப்பெயர் அது. விடுதியில் ஒரே தண்ணீர் பாட்டிலை நாலு பேர் வாய் வைத்துக் குடிப்பார்கள், ஒரு ஜூஸில் இரண்டு ஸ்ட்ரா போடுவார்கள், ஆட்டத்தின் இடைவேளையில் ஒரே பாட்டில் அணி முழுக்கச் சுற்றி வரும். அது போதும். அண்ணாந்து குடி என்று நம் பாட்டிகள் திட்டியதில் விஷயம் இருந்தது.

யாரிடமிருந்து வந்தது என்றும் துப்பறிய வேண்டாம். இதற்குக் காரணமான எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ளே போய் 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கொடுத்தவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. ஒருமுறை வந்தவரின் எச்சிலில் மாதக்கணக்கில் வைரஸ் இருக்கும். பிறகும் ஆயுள் முழுக்க அவ்வப்போது தலைகாட்டும். பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான், நானும் நீங்களும் உட்பட. கூட்டுக்குடும்பத்தில், சூடு பார்க்கத் தன் வாயில் வைத்து எடுத்த சோற்றைப் பேரனுக்கு ஊட்டும் பாட்டி இருக்கும் வீட்டில், பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து, சாதாரணச் சளியாகக்கூடத் தெரியாமல் போய்விடும். அப்போது தப்பித்து, பதின்ம வயதிலோ அதற்குப் பிறகோ மாட்டுகிறவர்களைத்தான் இப்படிப் புரட்டி எடுக்கிறது.

அதனால் மாமியாருக்குப் பயமில்லை. அவருக்கு எப்போதோ வந்து போயிருக்கும். மகனுக்கும் வந்துபோயிருக்கலாம், இல்லையென்றாலும் அந்த வயதில் லேசாகத்தான் இருக்கும். டம்ளர், ஸ்பூன், பிரஷ் மட்டும் தனியாக வையுங்கள். ஒரே அறையில் தூங்கலாம். ஆளைத் தனி அறையில் பூட்ட இது கொரோனா அல்ல.

அப்புறம் அந்தச் சிவப்பு. அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தப்பில்லை. ஆனால் இந்த வைரஸ் உள்ளே இருக்கும்போது அமாக்சிசிலின் சாப்பிட்டால் பலருக்கு இப்படித் தடிக்கும். நோயும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை அது. அமாக்சிசிலின் பெனிசிலின் வகை மருந்துதான், ஆனாலும் இதை வைத்து ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று அவள் ஃபைலில் சிவப்பு மையில் எழுத விடாதீர்கள். குணமான பிறகு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் மட்டும் கதை வேறு. சீட்டே இல்லாமல் ‘செட் மாத்திரை’ வெட்டிக் கொடுக்கிறவரை நான் என்ன சொல்வது? வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் கூட்டம் குறைந்தபாடில்லை.

சரி, ரிப்போர்ட்டுகள். டைபாய்டு என்று சொன்னது விடால் டெஸ்ட்டாக இருக்கும். 1896-ல் வந்த டெஸ்ட் அது. நம் ஊரில் எப்போதோ டைபாய்டு வந்தவர்களுக்கும், அதற்குத் தடுப்பூசி போட்டவர்களுக்கும், வேறு காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கும் அது ‘பாசிட்டிவ்’ காட்டும். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்ட முடியாது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேண்டும். ஆனால் கல்ச்சருக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும், விடால் சாயங்காலமே கையில் கிடைக்கும். அதனால் எந்தக் காய்ச்சல் பேக்கேஜை எடுத்தாலும் அதில் விடால் உட்கார்ந்திருக்கிறது. டைபாய்டு மருந்து ஏதும் ஓடிக்கொண்டிருந்தால், தொடர வேண்டுமா என்று இரண்டாவது மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

மோனோஸ்பாட் நெகட்டிவ் வந்ததில் அதிசயமில்லை. 1932-ல் பால், புன்னெல் என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த நீர் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரளவைப்பதைக் கண்டார்கள். அதே வித்தையின் சுலப வடிவம்தான் மோனோஸ்பாட். முதல் வாரத்தில் நாலில் ஒருவருக்கு இது பொய்யாக நெகட்டிவ் காட்டும். 5-ம் நாளில் எடுத்தீர்கள், தவறிவிட்டது.

11-ம் நாள் ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறீர்கள். வெள்ளை அணுக்களில் லிம்போசைட் 62 சதவீதம். அதில் உருமாறிய ‘ஏடிபிகல்’ அணுக்கள் நிறைய. இந்த வைரஸ் புதிதாக வந்திருப்பதைக் காட்டும் ‘விசிஏ ஐஜிஎம்’ பாசிட்டிவ். ஈரல் என்சைம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த நோயில் பெரும்பாலோருக்கு ஏறும், தானே இறங்கும். ஏடிபிகல் என்ற வார்த்தையைப் பார்த்து ரத்தப் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம், வைரஸோடு சண்டை போடக் கிளம்பிய அணுக்கள் அவை. பின்கழுத்து நெறி, தொண்டை, இந்தக் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இரண்டாவது மருத்துவர் சொன்னது சரி. நெறி மட்டும் ஆறு வாரம் தாண்டியும் வடியாவிட்டால் திரும்பக் காட்டுங்கள். நம் ஊரில் காசநோயையும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது அந்தப் பேக்கேஜ் பையன். அவன் உங்கள் எல்லோருக்கும் ‘ஐஜிஜி’ பார்ப்பான், அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும். வரத்தான் செய்யும், ஐஜிஜி என்றால் எப்போதோ வந்துபோனதன் தழும்பு, ஆயுளுக்கும் இருக்கும். அந்தத் தாளைக் காட்டி ‘குடும்பமே ரத்தத்தில் வைரஸோடு இருக்கிறது’ என்று ஒரு கிளினிக்குக்கு அனுப்புவார்கள், அங்கே டிரிப்ஸ் ஏற்றுவார்கள். அப்படி ஒரு வயதானவர் கிழிந்த பிளாஸ்டிக் பையில் ஆறு மாத ரிப்போர்ட்டுகளோடு என்னிடம் வந்தார். அவருக்கு நோயே இல்லை. அனுப்பியவருக்குக் கமிஷன் போயிருந்தது. யாரைக் கேட்பது? எந்த லேப் ரிப்போர்ட்டின் அடியிலும் ‘நோய் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாராசிட்டமால், கஞ்சி, மோர், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. காய்ச்சல் போன பிறகும் சில வாரம் அசதி இருக்கும், படிக்க உட்கார்ந்தால் தூங்கி விழுவாள், சோம்பேறி என்று திட்டாதீர்கள். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், குளிக்கலாம், முடிந்தால் வகுப்புக்குப் போகலாம்.

ஆனால் கபடி கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்த நோயில் பாதிப் பேருக்கு இடது விலா எலும்புக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பழுத்த தக்காளி மாதிரி. ரெய்டு போகிறவளை நாலு பேர் மடக்கி மேலே விழுந்தால் கிழியலாம், அடிபடாமலேகூடக் கிழிந்ததுண்டு. நூற்றில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை, ஆனால் நடந்தால் உயிருக்கு ஆபத்து, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரத்தில். ஓட்டப்பயிற்சியும் எடை தூக்குவதும் மூன்று வாரம் கழித்து. மோதல் ஆட்டம் குறைந்தது நான்கு வாரம் கூடாது. கபடிக்கு நான் ஆறு வாரம் என்பேன். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாக இருக்கிறேன்’ என்பாள். மண்ணீரலுக்கு அது தெரியாது. ‘வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை’ என்பதும் போதாது. கொஞ்சம் வீங்கிய மண்ணீரல் கைக்கு அகப்படாது. ‘ஸ்கேனில் சரியாக இருக்கிறது’ என்று பயிற்சியாளர் சொன்னாலும் கேட்காதீர்கள். மண்ணீரலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அவளுடைய பழைய அளவு யாருக்கும் தெரியாது. அடுத்த வாரப் போட்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி, மருத்துவர் கடிதத்தோடு இன்றே பயிற்சியாளரிடம் பேசுங்கள்.

இடது மேல்வயிற்றில் திடீர் வலி, அது இடது தோளுக்குப் பரவுவது, தலைசுற்றி வியர்ப்பது. அல்லது தொண்டை அடைத்து எச்சில்கூட விழுங்க முடியாமல், மூச்சில் சத்தம் வருவது. இதில் எது வந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், போனதும் ‘மோனோ காய்ச்சல்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.