எந்த வரிசை, ஐயா?

கேள்வி: முன்னாள் சாம்பியன் ஃப்யூரி ஓய்வு என்கிறார், மறுபடி வருகிறார். 58 வயதில் மைக் டைசன்கூட வந்துவிட்டுப் போனார். பழைய ஆட்களே திரும்பத் திரும்ப மேடை ஏறினால், ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இளம் போட்டியாளர்களுக்கு வரிசை எப்போதுதான் நகரும்? ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வரத் தடை போட்டால் என்ன?

பதில்: வரிசை என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வரிசை? இல்லாத ஊருக்கு வழி கேட்டால் நான் எந்தத் திசையில் கை காட்டுவது?

ஹெவிவெயிட்டில் கவுண்டர் நான்கு, அதாவது உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. நான்கிலும் தனித்தனி டோக்கன். ஒரு கவுண்டரில் முதல் ஆளாக நிற்பவருக்குப் பக்கத்துக் கவுண்டரில் முகமே தெரியாது. சரி, உள்ளே உட்கார்ந்திருப்பவராவது ஒருவரா? சாம்பியன் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே இடைக்கால சாம்பியன் ஒருவர் இருப்பார். டபிள்யூபிஏவில் சூப்பர் சாம்பியன் ஒருவர், அவருக்குக் கீழே வெறும் சாம்பியன் ஒருவர். காயம் பட்டவருக்கு ‘விடுப்பில் உள்ள சாம்பியன்’ என்று ஒரு பட்டம். போனவருக்குக் ‘கௌரவ சாம்பியன்’ என்று இன்னொன்று. அரங்கில் சாம்பியன் அல்லாதவர் யார் என்று தேடினால், டிக்கெட் வாங்கிய ரசிகர் யாராவது அகப்படலாம். அவரும் கட்டணம் கட்டினால் பரிசீலிப்பார்கள். பட்டப் போட்டி ஒவ்வொன்றிலும் வீரரின் ஊதியத்தில் ஒரு பங்கு அமைப்புக்குப் போகிறது. பட்டங்கள் ஏன் குட்டி போடுகின்றன என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

1992 டிசம்பரில் அன்றைய சாம்பியன் ரிடிக் போ தன் டபிள்யூபிசி பெல்ட்டை லண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டார். வரிசையில் முதலில் நின்ற லெனாக்ஸ் லூயிஸுடன் மோதாமல் நழுவத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள். இருக்கட்டும். காரணம் தப்பு, தொட்டி சரி.

கௌரவ சாம்பியன் என்பது சுவரில் மாட்டும் படம் என்றும் எண்ணிவிடாதீர்கள். டபிள்யூபிசி சாம்பியன் விட்டாலி கிளிட்ச்கோ 2005இல் ஓய்வு பெற்று, இந்தக் கௌரவப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். 2008 அக்டோபரில் பெர்லினில் திரும்பி வந்தபோது, கிட்டத்தட்ட நான்கு வருடங்களாக ஒரு சண்டையும் போடாதவர், நேரே பட்டப் போட்டியில் இறங்கினார். எட்டுச் சுற்று முடிந்ததும் அப்போதைய சாம்பியன் சாமுவேல் பீட்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. விட்டாலி பெரிய வீரர்தான், மறுக்கவில்லை. அந்த நான்கு வருடமும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

வரிசை நகர்ந்த கதையும் உண்டு, கேளுங்கள். நியூசிலாந்தின் ஜோசப் பார்க்கர் டபிள்யூபிஓவில் முதல் ஆள், இடைக்கால பெல்ட்டும் அவரிடமே. 2025 ஜூலையில் வெம்பிளியில் டூபுவாவை வீழ்த்தி நான்கு பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த உசிக், அடுத்து இவருடன்தான் மோத வேண்டும். உசிக் காயம் என்றார். எத்தனை நாள் நிற்பது? பார்க்கர் அக்டோபரில் லண்டனில் ஃபேபியோ வார்ட்லியுடன் மோதினார். வார்ட்லி அமெச்சூர் குத்துச்சண்டை பக்கமே போகாதவர். வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் உத்தியோகத்தில் இருந்தவர். 11ஆம் சுற்றில் பார்க்கருக்கு விழுந்த அடிகளைப் பார்த்து நடுவர் சண்டையை நிறுத்தினார். அடுத்த மாதமே உசிக் டபிள்யூபிஓ பட்டத்தைத் துறந்தார். இடைக்கால பெல்ட்டை வென்றிருந்த வார்ட்லி மறுபடி கையுறை மாட்டாமலேயே முழு சாம்பியன் ஆனார். பார்க்கர் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தால் அந்த பெல்ட் அவருக்கு வந்திருக்கும். இதில் எந்தக் கிழவர் வந்து வழி மறித்தார், சொல்லுங்கள்?

டைசனை வம்புக்கு இழுக்க வேண்டாம். 2024 நவம்பரில் டெக்சாஸில் யூடியூப் பிரபலம் ஜேக் பாலுடன் அவர் ஆடியது எட்டுச் சுற்று, சுற்றுக்கு இரண்டே நிமிடம், கையுறையும் வழக்கத்தைவிடக் கனம், 14 அவுன்ஸ். பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை; யாருடைய இடத்தையும் அவர் பிடிக்கவில்லை. சண்டை நெடுகத் தன் கையுறையையே கடித்துக்கொண்டிருந்தார். 1997இல் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான்.

தடை என்கிறீர்கள். உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி முகமது அலிதான். 1980இல் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிராகத் திரும்பியபோது தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், மாத்திரை தின்று இறக்கிய எடை. தராசில் நின்றபோது பழைய அலி. மணி அடித்ததும் கால் நகரவில்லை. ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸே, நிறுத்தமாட்டீர்களா என்பதுபோல் நடுவரைப் பார்த்துப் பார்த்து அடித்தார். பத்தாவது சுற்றோடு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்றார். அதற்குப் பிறகும் மறுவருடம் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்குடன் ஒரு சண்டை. அங்கே சுற்று மணிக்குப் பதில் மாட்டு மணியை அடித்தார்கள். ஜோ லூயிஸின் கதை வேறு: 1949இல் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார், வருமான வரித் துறைக்கு அந்த ஓய்வு பிடிக்கவில்லை; வரிப் பாக்கிக்காகவே மறுபடி மேடை ஏறினார். தடை போட்டிருந்தால் அந்தக் கடனை நீங்கள் கட்டியிருப்பீர்களா?

என் கட்சிக்கு முன்னாள் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன். பத்து வருட இடைவெளிக்குப் பின் 1987இல் வந்தவர், சாக்ரமென்டோவில் அடிமட்டத்திலிருந்து தொடங்கி, 24 வெற்றிகளைச் சேர்த்த பிறகுதான் ஹோலிஃபீல்டுக்கு எதிரே நின்றார். தோற்றார்.

இந்த இடத்தில் நம் பழைய வாசகர் ஒருவர் பேனாவைத் திறந்திருப்பார். ஃபோர்மன் என்று நான் எழுதினால் போதும், அவரிடமிருந்து அதே கடிதம் வரும்: 1993இல் டாமி மாரிசனிடம் தோற்று, அதன்பின் ஒரு சண்டைகூடப் போடாமல், 1994இல் பட்டப் போட்டிக்குப் போனவர்தானே? டபிள்யூபிஏ மறுத்ததும் நீதிமன்றம் ஏறி அனுமதி வாங்கியவர்தானே? ஆமாம் ஐயா, ஆமாம். வரிசையை மிதித்துத் தாண்டித்தான் போனார். பிறகு நடந்ததைப் பார்த்தீர்களா, இல்லையா?

லாஸ் வேகாஸ். வயது 45. இருபது வருடத்துக்கு முன் ஆப்பிரிக்காவின் ஜயரில் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்புக் கால்சட்டை. அன்று அலியின் மூலையில் நின்ற அதே டண்டீ இன்று இவர் மூலையில். எதிரே 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர். ஒன்பது சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் மதிப்பெண் சீட்டிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். வலது கைக்கு எதிரே நிற்காதே என்று மூரரின் பயிற்சியாளர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பத்தாவது சுற்றில் இடது கையால் ஒரு தட்டு, பின்னாலேயே வலது, மறுபடி அதே. கடைசி அடி ஓங்கி விட்டதுகூட அல்ல, குறுகிய அடி, நேரே தாடையில். மூரர் மல்லாந்தார். பத்து எண்ணி முடிந்தபோது ஃபோர்மன் தன் மூலையில் மண்டியிட்டிருந்தார். வரிசை தாண்டிய குற்றத்தை நான் அன்றே மன்னித்துவிட்டேன். வாசகர் மன்னிக்கவில்லை. டபிள்யூபிஏவும் மன்னிக்கவில்லை, தான் சொன்ன டோனி டக்கருடன் மோதவில்லை என்று மறுவருடமே பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது.

மறுபடியும் சதுரங்கமா என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1993இல் உலக சாம்பியன் காஸ்பரோவ், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயை விட்டு வெளியேறியதில் அங்கேயும் இரண்டு சாம்பியன்கள் முளைத்தார்கள். ஒன்றாக்க 13 வருடம் பிடித்தது. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டாவில் அப்போதைய இரண்டு சாம்பியன்கள் கிராம்னிக்கும் டோபலோவும் மோதினார்கள். கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுத்தது; தனிக் கழிப்பறையைப் பூட்டினார்கள்; அவர் ஐந்தாவது ஆட்டத்தில் உட்கார மறுத்து, அந்தப் புள்ளியை இழந்தார். கடைசியில் வென்றவர் அவர்தான். இத்தனை அற்பத்தனத்துக்குப் பிறகும் அங்கே சாம்பியன் ஒருவர் என்று ஆயிற்று. உலகின் மிகப் பெரிய மனிதர்கள் மோதும் எடைப்பிரிவில் அந்த ஒற்றைப் பட்டம் உசிக் மாதிரி ஒருவர் கையில் சில மாதம் தங்குகிறது; பிறகு சிதறிவிடுகிறது.

உங்கள் இளம் போட்டியாளருக்கு வருகிறேன். மோசஸ் இட்டௌமா, 2004 டிசம்பரில் பிறந்தவர். 20 வயதில் பட்டம் வென்ற டைசனின் சாதனையை முறியடித்து ஆக இளைய ஹெவிவெயிட் சாம்பியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் கெடு 2025 மே மாதத்தோடு போயிற்று. ஆகஸ்டில் ரியாத்தில் 37 வயது டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே சாய்த்தார். ஊரெல்லாம் அவர் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். வைட்டைத் தடை போட்டு வீட்டில் உட்கார வைத்திருந்தால் பையன் யாரைச் சாய்த்துப் பெயர் வாங்குவது?

கடிதத்தின் பின்பக்கத்தில், அலியும் டைசனும் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலி. அடுத்த கேள்வி.