வயதானவர்களுக்குத் திடீரென வரும் மனக் குழப்பமான டெலிரியத்தைக் கண்டுபிடிக்க எமர்ஜென்சி நர்ஸ்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

"டெலிரியம் பற்றி வகுப்பு எடுத்தோம், பரீட்சையில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள், ஆனால் வார்டில் யாரும் கண்டுபிடிப்பதில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் எமர்ஜென்சியில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் சிஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வகுப்பில் டெலிரியம் என்றாலே டிரிப்ஸைப் பிடுங்குகிறவர், கட்டிலைவிட்டு இறங்கி ஓடுகிறவர், இல்லாத ஆளோடு பேசுகிறவர் என்றுதான் பாடம் நடக்கிறது. அவரைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை. நம் கண்ணில் படாமல் போவது சத்தமில்லாமல் படுத்திருப்பவர். வயதானவர்களிடம் இந்த வகைதான் அதிகம். கூப்பிட்டால் கண் திறப்பார், "நல்லா இருக்கேன்" என்பார், திரும்பவும் கண்ணை மூடிக்கொள்வார். கூட்டம் நெரியும் நேரத்தில், தொந்தரவு தராதவருக்கு ஒன்றுமில்லை என்று தோன்றுவது இயல்பு. பயிற்சி முதலில் இந்த எண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கு நான் கூட வந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறேன். "போன வாரம் எப்படி இருந்தாங்க? இப்ப என்ன வித்தியாசம்?" என்று கேட்டால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்றுதான் முதல் பதில் வரும். அதோடு விடக் கூடாது. தானாக பாத்ரூம் போனாரா, யார் சமைத்தது, பென்ஷன் பணத்தை எண்ணி வாங்கினாரா என்று இறங்கிக் கேட்டால் விஷயம் வெளியே வரும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூடும். டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஏறி இறங்கும். ஏற்கெனவே மறதி நோய் இருப்பவருக்கு இது இன்னும் சுலபமாக வரும் என்பதால், "டிமென்ஷியா இருக்கு சிஸ்டர்" என்ற பதிலோடும் நிறுத்தக் கூடாது. கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களோடு சில நேரம் அன்றுதான் சென்னையிலிருந்து வந்த மகன் இருப்பார். அவருக்குப் போன வாரக் கதை தெரியாது. வீட்டில் கூடவே இருக்கும் மருமகளுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

பரிசோதனை முறை என்று பார்த்தால் எமர்ஜென்சிக்கு 4ஏடி (4AT) என்ற நான்கு பகுதிச் சிறு சோதனை போதும் என்பது என் கருத்து. 1990-ல் ஷாரன் இனூயி குழுவினர் வெளியிட்ட 'கேம்' (CAM) என்ற டெலிரியம் சோதனை முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதைச் சரியாகச் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும். 4ஏடி ஓரிரு நிமிடத்தில் முடியும். விழிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேட்பது, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது, திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்று விசாரிப்பது, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு, மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்கலாம். திடீர் மாற்றம் இருந்தால் அது ஒன்றுக்கே 4 வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். கூட வந்தவரிடம் கேட்காமல் போட்ட மதிப்பெண் பாதி மதிப்பெண்தான்.

நம் ஊரில் இதில் சில சிக்கல் உண்டு. பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. முன்பு தெரிந்திருந்ததா என்று வீட்டாரிடம் கேட்காமல் அதைக் குழப்பம் என்று எழுதிவிடக் கூடாது. டிசம்பர், நவம்பர் வராதவரிடம் பங்குனி, மாசி, தை என்று கேட்டுப் பார்க்கலாம். அதுவும் வராவிட்டால் கிழமைகள். 4ஏடி மதிப்பெண் மாதங்களுக்குத்தான், ஆனாலும் கவனம் நிற்கிறதா என்பது கிழமையிலேயே தெரிந்துவிடும்.

நெல்லிக்குப்பம் பக்கத்துத் தாத்தா ஒருவர், "சோர்வு, சாப்பிடலை" என்று வந்தார். பெயரும் ஊரும் சரியாகச் சொன்னார். புது சிஸ்டரைக் கிழமைகளைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். "ஞாயிறு, சனி, வெள்ளி..." என்றவர் நின்றார். போர்வை ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டே "வெள்ளி, சனி, ஞாயிறு" என்று முன்னால் போய்விட்டார். நாம் கேட்டது என்ன என்பதே அவர் மனதில் தங்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த சிஸ்டர், "மேடம், கல்லு மாதிரி இருக்கு" என்றாள். சிறுநீர் அடைத்திருந்தது. ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம். அதன்மேல் சளிக்கு என்று மருந்துக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை. வகுப்பில் நான் எத்தனை ஸ்லைடு காட்டினாலும் அந்த சிஸ்டர் மனதில் இப்படிப் பதிந்திருக்காது. அதனால்தான் பயிற்சியை ஹாலில் வைக்காமல், ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம் கட்டிலருகே வையுங்கள் என்கிறேன்.

கண்டுபிடித்ததும் காரணம் தேட வேண்டும்: சுகர், ஆக்சிஜன், காய்ச்சல், சிறுநீர், மலச்சிக்கல், வலி, நீர்ச்சத்து, ரத்தத்தில் சோடியம். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல் நிமோனியாவும், நெஞ்சுவலி இல்லாமல் மாரடைப்பும் வரும். குழப்பம் மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், சோடியம் இறங்க அது ஒரு காரணம். குடிப்பழக்கம் பற்றியும் தயங்காமல் கேட்க வேண்டும். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் டெலிரியத்துக்கு டயசெபாம் போன்ற மருந்துகள்தான் சிகிச்சை. மற்ற டெலிரியத்தில் அதே மருந்து குழப்பத்தைக் கூட்டும். அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசியும் அப்படித்தான், வயதானவருக்குப் போடும்முன் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் ஆர்ப்பாட்டத்தைக் கூட்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் பையில் இருந்தால் எடுத்து மாட்டுங்கள், வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அப்புறம், டாக்டரைக் கூப்பிடும் வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். "பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்" என்றால் அது அடுத்த வேலைக்குப் பின்னால் போய்விடும். "நேத்து வரைக்கும் தானா நடந்தவர் சார், காலையிலிருந்து தூங்கி வழியறார், 4ஏடி 9, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 91, சுகர் நார்மல்" என்று சொன்னால் டாக்டர் கையில் இருப்பதை வைத்துவிட்டு வருவார். கேஸ் ஷீட்டிலும் ஷிப்ட் மாறும்போதும் இதே வாக்கியம் போக வேண்டும். காலையில் தெளிவாக இருந்தவரை இரவு சிஸ்டர் திரும்பவும் சோதிக்க அது ஒன்றுதான் வழி.