கோடான் முன்னால் சாலைக்கு மேல் பூங்கா – பதில்
வணக்கம். மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் பிளாஸ் தார்ம் சதுக்கத்துக்கும் துறைமுகக் கரையிலுள்ள கோடான் கடைவளாகத்துக்கும் நடுவே ஓடும் நெடுஞ்சாலையை மூடி மேலே பூங்கா கேட்டு மனு எழுதுகிறீர்கள், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இப்படிச் சாலைக்கு மேல் அமைத்த கிளைட் வாரன் பூங்காவை உதாரணம் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசை நியாயமானது, ஊரையும் துறைமுகத்தையும் அந்தச் சாலைதான் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் டல்லாஸ் வேண்டாம். அங்கே சாலை முன்பிருந்தே பள்ளத்தில்தான் ஓடியது, அதன்மேல் கான்கிரீட் உத்தரங்கள் போட்டு, மண் நிரப்பி, 2012-இல் பூங்காவைத் திறந்தார்கள். நம்முடையது தரைமட்டத்தில், கடலை ஒட்டி. ஒன்று சாலையைத் தோண்டி இறக்க வேண்டும், இல்லையென்றால் பூங்காவை உயரத்தில் கட்டி இருபக்கமும் நீளமான சரிவு வைக்க வேண்டும். தோண்டுவது என்றாலே எனக்கு 2013 மார்ச் 30 வெள்ளம்தான் ஞாபகம் வருகிறது, அன்று கோடானில் பாதசாரிகளுக்கான சுரங்கப்பாதையில் சிக்கி உயிர்விட்டவர்களை எப்படி மறப்பது?

அதனால் முதலில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் தரைமட்டத்திலேயே அகலமான கடவை, சக்கர நாற்காலிக்கும் தோதாக, வயதானவர்கள் நிதானமாகக் கடக்கிற அளவுக்குப் பச்சை விளக்கு நேரத்தோடு. மனுவை அனுப்புமுன் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.